இடது பக்கம் யாருமில்லை

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் ஸ்டூடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு ஸ்டூல். திரைக்குப் பின்னால் இன்னொரு சின்ன அறை. கம்ப்யூட்டர் அங்கே இருந்தது; அவளுடைய உண்மையான தொழிலும் அங்கேதான் நடந்தது. படம் எடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். எடுத்த படத்தைச் சரிசெய்வதில்தான் அவளுக்குப் பெயர். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் தெரியும் குப்பைத்தொட்டி, கூட வந்து நின்றுவிட்ட பிடிக்காத சொந்தக்காரர், எதுவானாலும் அவள் கை பட்டால் தடம் தெரியாமல் போய்விடும். பக்கத்தில் இருக்கும் சுவரிலோ வானத்திலோ கொஞ்சம் எடுத்து ஓட்டையில் வைப்பாள், விளிம்பைக் கரைப்பாள், முடிந்தது. "அக்கா, அந்த ஆளை எங்கே அனுப்பினீங்க?" என்று கேட்பார்கள். "வெளியூருக்கு" என்பாள்.

கணவர் லாரி ஓட்டுபவர். கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். மகன் தூரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தான். அதனால் வீட்டிலும் கடையிலும் அவளுக்குத் துணை நாத்தனார்தான். கணவரின் கடைசித் தங்கை. கல்யாணம் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள் அப்படியே தங்கிவிட்டாள். உருவம் சின்னது, நடை சத்தமே கேட்காது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவள் பெயர் சிட்டு. கடைக்கு வந்த புதிதில் படங்களை வெட்டி உறையில் போடுவாள். பிறகு விளக்கு பிடிக்கக் கற்றுக்கொண்டாள், பிறகு கம்ப்யூட்டர். "நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கிட்டுத் திரியறதைப் பாத்தா எனக்கே வயித்தைக் கலக்குது" என்று கணவர் கேலி செய்வார். இருவரும் சேர்ந்து அவரை விரட்டுவார்கள்.

ஒரு நாள் காலையில் ஸ்டூடியோ அக்காவுக்குப் பின்மண்டையில், வலது ஓரமாக, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலித்தது. வெயில் பட்ட தகரம்போல் கண்முன் கொஞ்ச நேரம் என்னவோ மினுங்கியது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். மதியம் எழுந்தபோது வலி விட்டிருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் பேனா. படத்தைச் சரிசெய்ய மவுஸை நம்பமாட்டாள். ஒரு தட்டையான பலகைமேல் மை இல்லாத பேனாவால் வரைவாள், அது திரையில் விழும். இடதுகைக்காரி என்பதால் அந்தப் பேனாவுக்கு மேஜையின் இடது ஓரத்தில்தான் இடம். ஒரு நாள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் பேனாவைக் காணோம். மேஜை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. கீழே குனிந்து பார்த்தாள், மடியில் பார்த்தாள்.

"சிட்டு, என் பேனாவை எடுத்தியா?"

சிட்டு வந்தாள். கையை நீட்டினாள். "இதோ இருக்கே அண்ணி."

"எங்கே இருந்தது?"

"இங்கேதான். உங்க கண்ணு முன்னாடி."

"நான் பாத்தப்போ இல்லை."

சிட்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாளும் அப்படியே நடந்தது. பிறகு படம் வெட்டும் கத்தி, பிறகு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு முறையும் சிட்டுதான் கண்டெடுத்தாள். ஒவ்வொரு முறையும் "இங்கேதான்" என்றாள். அவள் வந்து நிற்கும்வரை இல்லாத பொருள் அவள் கை நீட்டியதும் எப்படி வரும்? கையிலேயே வைத்திருந்தால் வரும்.

அந்த எண்ணம் வந்த அன்று ஸ்டூடியோ அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. என்ன புத்தி இது என்று தலையில் தட்டிக்கொண்டாள். ஆனால் உள்ளே வந்த எண்ணம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. நடுவீட்டு அலமாரியை யாரோ நகர்த்தியதுபோல் அதன் முனை அவளுடைய தோளில் இடித்தது. இடது தோளில் நீலம் பாய்ந்துவிட்டது. "அலமாரியை எதுக்குடி இழுத்துப் போட்டே?" என்று கேட்டால், "எப்பவும் இருக்கற இடத்துலதான் அண்ணி இருக்கு" என்ற பதில் வந்தது. சாப்பாட்டுத் தட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது. "உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். சிட்டு தட்டையே பார்த்தாள், பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஸ்டூடியோ அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அது எதையோ எடைபோடும் பார்வையாக இருந்தது. தண்ணீர் எடுக்கப் போய் வந்து உட்கார்ந்தபோது தட்டில் இரண்டாவது முட்டை இருந்தது. 'இப்போ கொண்டுவந்து வச்சிருக்கா' என்று நினைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள்.

இதைவிட மோசம், சிட்டு வரும் விதம். முன்பெல்லாம் அவள் வந்தால் தெரியும். இப்போது எங்கிருந்தோ முளைத்தாள். யாருமில்லாத அறையில் ஸ்டூடியோ அக்கா வேலை செய்துகொண்டிருப்பாள். திடீரென்று காதருகே "அண்ணி" என்று குரல் கேட்கும். ஒரு முறை பயத்தில் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

"சொல்லிட்டு வரமாட்டியா? திருட்டுப் பூனை மாதிரி!"

"நான் எங்கே அண்ணி வந்தேன்? ரொம்ப நேரமா இங்கேயேதானே உக்காந்திருக்கேன்."

ரொம்ப நேரமாக அந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. வெளிர்நீலச் சுவர். அதை ஸ்டூடியோ அக்கா தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற செக்யூரிட்டிக்காரர் ஒருவர் கடைக்குள் புயல்போல் நுழைந்தார். வீட்டுக் கூடத்தில் மாட்ட பெரிதாக ஒரு படம் கேட்டிருந்தார். சுருக்கத்தையெல்லாம் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும்படி வெட்கத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். படத்தை மேஜைமேல் போட்டார்.

"ஏம்மா, என்னை வச்சு விளையாடறியா? இந்தப் பாதி மூஞ்சிக்கு இருபத்தஞ்சு வயசு. அந்தப் பாதிக்கு அறுபது. என் பொண்டாட்டி எந்தப் பாதியோட குடும்பம் நடத்தறதுன்னு கேக்கறா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஸ்டூடியோ அக்கா படத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் ஆத்திரத்தோடு விரலை வைத்துத் தேய்த்த இடத்தைப் பார்த்தபோதுதான் அந்தக் கன்னத்தின் பள்ளங்களும் மச்சமும் தெரிந்தன. அந்த முகத்தை அவள் முழுவதும் சரிசெய்து முடித்திருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது. முடித்த படத்தை யாரோ திறந்து பாதியைப் பழையபடி ஆக்கியிருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

எதற்காக? அதற்கும் பதில் கிடைத்தது. எப்போதோ ஒரு மழை நாளில், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், சிட்டு சொல்லியிருந்தாள்: "எனக்குன்னு ஒரு ஸ்டூடியோ இருந்தா எப்படி இருக்கும் அண்ணி!" அப்போது ஸ்டூடியோ அக்காவே "ஏன், வைக்கலாமே" என்று உற்சாகப்படுத்தினாள். இப்போது அதே வாக்கியம் வேறு குரலில் கேட்டது. இந்தக் கடையே இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அண்ணிக்குக் கை தடுமாறுகிறது, புத்தி பிசகிவிட்டது என்று நாலு பேர் சொன்னால் போதாதா?

அதற்கு மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிட்டுவின் குரலைக் கேட்டாள். போனில் யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லை, இப்படியே விட முடியாது... அண்ணிகிட்ட இப்போ சொல்ல வேண்டாம்... சொன்னா ஒத்துக்க மாட்டாங்க." ஸ்டூடியோ அக்கா ஈரத் துணியோடு அப்படியே கீழே இறங்கிவிட்டாள்.

இனிச் சாட்சி இல்லாமல் பேசக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அவளிடம் ஒரு பழைய போன் இருந்தது. கேமரா மட்டும் நன்றாக வேலை செய்யும். தன் நாற்காலிக்குப் பின்னால், மாதிரிப் படங்கள் அடுக்கியிருந்த தட்டில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே அதை நிறுத்தினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து மேஜை எப்படித் தெரியுமோ அப்படியே அதில் தெரிந்தது. பதிவை ஓடவிட்டாள். பேனாவை வழக்கமான இடத்தில் வைத்தாள். "மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே போய், சலவைக்கடைக்காரரின் மனைவியோடு வராத பேச்சை வளர்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து பார்த்தால், நினைத்ததுபோலவே, மேஜைமேல் பேனா இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போனோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவைப் பார்த்தாள். காலியான அறை. சிட்டு வலது பக்கத்திலிருந்து வந்தாள். மேஜையை நெருங்கினாள், குனிந்தாள், கையை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனாள். மேஜைமேல் ஒன்றும் இல்லை. அந்த ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தேவையானது அதில் இருந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்து சேர்ந்தார். அந்த வாரம் அவர் வருவதாகவே இல்லை. சரக்கை வேறொருவரிடம் மாற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். அதுவும் அவளுக்கு இடித்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரையும் உட்காரவைத்தாள்.

"இத்தனை நாளா நான் பைத்தியம் மாதிரி தேடிக்கிட்டு இருந்தேன். இதைப் பாருங்க. உங்க தங்கச்சி என்ன பண்றான்னு நீங்களே பாருங்க."

போனை நீட்டினாள். கணவர் பார்த்தார். சிட்டு அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். பதிவு ஓடி முடிந்தது.

"என்ன இது? மேஜையைத் துடைக்கறா" என்றார் கணவர்.

"பேனா எங்கே?"

"இங்கேதான் இருக்கு."

"எங்கே?"

"இங்கே." அவர் விரல் திரையைத் தொட்டது. "எடுத்துத் துடைச்சுட்டு அங்கேயே வச்சுட்டுப் போறா. பளிச்சுனு தெரியுதே!"

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மரத்தின் வரிகள் ஓடும் காலி மேஜை. கணவரைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. அப்படியானால் நன்றாகப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணு சேந்துட்டீங்க" என்றாள். "மாடியில நின்னு நீ யார்கிட்ட பேசினேன்னு இப்போதான் புரியுது. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லிக் கடையை வாங்கிக்கலாம்னு பாக்கறீங்க, அப்படித்தானே? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடி! திருடணுமா?"

"அண்ணி, நான் அண்ணன்கிட்ட பேசினது உண்மைதான். நீங்க கதவுல இடிச்சுக்கறீங்க. தட்டுல பாதியை விட்டுடறீங்க. பக்கத்துல நின்னாலும் பாக்க மாட்டேங்கறீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான்..."

"போதும். நடிக்காதே."

"திருடின்னு சொல்லிட்டீங்க இல்லை?"

"சொன்னேன்."

சிட்டு எழுந்து உள்ளே போனாள். வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டியை எடுத்து வைத்தாள். கணவர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார். "விடு அண்ணா" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சமையலறை மேடையில் தன்னிடம் இருந்த கடைச்சாவியை வைத்துவிட்டுப் போனாள்.

கணவர் சோபாவில் உட்கார்ந்து அதே பதிவை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். கண் கொஞ்சம் மங்கல் என்பதால் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், ஒரு விரலால் தள்ளினார். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே வா" என்றார். "சண்டைக்குக் கூப்பிடலை. உக்காரு."

உட்கார்ந்தாள். திரையில் காலி மேஜை. அவர் விரலால் படத்தை வலது பக்கமாக இழுத்தார். மரத்தின் வரிகள் நகர்ந்தன. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, திரையின் நடுவில், பேனாவின் முனை எட்டிப் பார்த்தது. பிறகு முழுப் பேனாவும் வந்தது.

"என்ன பண்ணீங்க?"

"நகத்தினேன். வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு?"

போனை வாங்கி அவளே தள்ளினாள். பேனா போனது. இழுத்தாள், வந்தது. தள்ளினாள், போனது. போகும்போது அது திரையின் ஓரத்தில் போய் மறையவில்லை. நடுவிலேயே, மேஜைமேலேயே, கரைந்தது. கரைந்த இடத்தில் மேஜை அப்படியே தொடர்ந்தது.

அவளுக்குத் தெரிந்த வேலை அது. யாரோ செய்திருக்கிறார்கள். மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். "கடைக்குப் போகணும்" என்று எழுந்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

பெரிய திரையில் அந்தப் பதிவைப் போட்டு ஒரு காட்சியை நிறுத்தினாள். ஒரு பொருளை அழித்தால் எங்கேயாவது தடயம் இருக்கும். வெளிச்சம் ஒட்டாது. நிழல் அனாதையாக நிற்கும். ஒரே மர வரி இரண்டு இடத்தில் வரும். எத்தனை கெட்டிக்காரன் செய்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணப் படத்தில் சேர்த்து ஒட்டிய மாமனாரையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி புள்ளியாகப் பிரியும்வரை பெரிதாக்கி, மேஜையின் அந்த ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையின் வலது பக்கத்துக்கு இழுத்து, ஒவ்வொரு விளிம்பாகத் தேடினாள். கணவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

படம் சுத்தமாக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பேனா கிடந்தது, பேனாவின் நிழல் கிடந்தது. சிட்டு அதை எடுத்து, அடியில் துடைத்து, இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஸ்டூடியோ அக்கா இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள். வலது கை தெரிந்தது. இடது கையின் கீழே மரத்தின் குளிர்ச்சி தெரிந்தது, கை தெரியவில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் மேஜைதான் இருந்தது.

"என்னங்க" என்றாள். "எங்கே இருக்கீங்க?"

"இங்கேதான்மா" என்றது அவளுக்கு இடது பக்கமிருந்த சுவர்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண் டாக்டர் இரண்டு கண்ணும் கண்ணாடிபோல் இருப்பதாகச் சொன்னார். பிறகு அவளைப் பெரிய வெள்ளைக் கிண்ணம்போல் இருந்த ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். வேறு எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினாள். இடையிடையே கருவி சும்மா இருந்தது. "இது ரிப்பேர் போல, பாதி நேரம் லைட்டே போடலை" என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு கண்ணுக்கு மாற்றினாள். கடைசியில் வந்த தாளில், இரண்டு கண்ணுக்கும், இடது பாதி முழுவதும் கறுப்பாக இருந்தது.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த நரம்பு டாக்டர், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். ஸ்டூடியோ அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

"அப்போ உங்களுக்கு ஈஸியா புரியும். கண்ணு படத்தை எடுத்து அனுப்பத்தான் செய்யும். அதைப் படமா ஆக்கற இடம் பின்மண்டையில இருக்கு. இடது பக்கம் தெரியற எல்லாம், ரெண்டு கண்ணுல இருந்தும், வலது பின்மண்டைக்குத்தான் போகும். உங்களுக்கு அங்கே ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அன்னிக்கு வந்த தலைவலி அதுதான். கவனமும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது."

"பாதி தெரியலைன்னா கறுப்பாத்தானே டாக்டர் இருக்கணும்? எனக்கு எல்லாம் முழுசாத் தெரியுது."

"இப்போ உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"கறுப்பாத் தெரியுதா?"

யோசித்தாள். "இல்லை. கறுப்பும் இல்லை. ஒண்ணுமே இல்லை."

"அந்த மாதிரிதான் இதுவும். மூளை அதோட நிக்காது. சில நேரத்துல ஓட்டைக்குப் பக்கத்துல சுவர் இருந்தா சுவரை இழுத்து விட்டுடும். மேஜை இருந்தா மேஜையை. அரை முகத்தை முழு முகமா ஆக்கிடும். அதையும் உங்ககிட்ட சொல்லாமலே செய்யும். உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான்." அவர் ஒரு தாளில் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும், கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளியும் போட்டுக் கணவரிடம் நீட்டினார். ஒரு கண்ணை மூடிக் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்துக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கணவர் கொண்டுவந்தார். திடீரென்று தாளைத் தூரத் தள்ளினார்.

"டாக்டர், புள்ளியைக் காணோம்!"

"அந்த இடத்துல என்ன இருந்தது?"

"வெறும் தாள்தான்." அவர் முகம் வெளிறிவிட்டது. "டாக்டர், நான் லாரி ஓட்டறவன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு கண்ணின் ஓட்டையை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் கணவர் வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். போன பார்வை கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் இடது விளிம்பில் சிவப்பாக ஒரு பட்டை ஒட்ட வேண்டும். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை திரும்ப வேண்டும், அதுவரை பார்த்தது முழுப் படம் இல்லை. தெருவில் தனியாகப் போகக்கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் எதையும் நம்பவில்லை. காலி நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவும்போது கழுவி முடித்துவிட்டோமா என்று நம்பிக்கை வரவில்லை. யாரோ தன்னிடம் பொய் சொல்வதாகத்தான் இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றியிருந்தது. அது சரிதான். ஆளைத்தான் தவறாகப் பிடித்திருந்தாள்.

சிட்டு பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கணவர் ஸ்டூடியோ அக்காவைக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு, தான் வந்தால் பேச்சு கெட்டுவிடும் என்று தெருமுனைக்குப் போய்விட்டார். அறையில் மூன்று கட்டில்கள் இருந்தன. சிட்டு ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஸ்டூடியோ அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். ஸ்கேனைச் சொன்னாள், அந்தக் கறுப்புப் பாதியைச் சொன்னாள். சிட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரக்கம் வந்தது. ஆனால் வேறொன்றும் போகாமல் நின்றது.

"அண்ணன் போன்ல சொன்னார்" என்றாள். "கேட்டு அழுதேன். உங்களுக்கு இப்படி ஆயிருக்கேன்னு அழுதேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் அண்ணி. பேனாவை மறைச்சது உங்க மூளையில இருக்கற நரம்பு. சரி. என்னைத் திருடின்னு சொன்னது எந்த நரம்பு?"

ஸ்டூடியோ அக்கா எதிர்க் கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தெரியலை" என்றாள். "அதை டாக்டர்கிட்ட கேக்கலை."

"கேட்டிருக்கணும்."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். படத்துல ஓட்டை விழுந்தா பக்கத்துல இருக்கறதை எடுத்துதான் அடைப்பேன். தூரத்துல இருக்கறது ஒட்டாது. எனக்குப் புரியாதது ஒண்ணு நடந்துச்சு. அதை எதையாவது வச்சு அடைக்கணும். பக்கத்துல நீதான் இருந்தே."

"நல்லா இருக்கு நியாயம்!"

"நியாயம்னு சொல்லலை. நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. "கடையில பாதிப் படம் சரிபண்ண ஆள் வேணும்னு வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள். அண்ணியை அவள் இப்படிக் கேட்டதே இல்லை. சந்தேகம் இப்போது இந்தப் பக்கம் வந்திருந்தது.

"ரெண்டுக்கும்தான்" என்றாள் ஸ்டூடியோ அக்கா.

சிட்டு எழுந்து, படியிறங்கும்போது அண்ணியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வந்து, அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை அவள் கடைக்கு வந்தாள். விடுதியைக் காலி செய்யப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். காலையில் வருவேன், சாயங்காலம் போவேன், என் சாப்பாடு நான் கொண்டுவருவேன். ஸ்டூடியோ அக்கா சரி என்றாள். அதற்குமேல் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று தெரிந்துவைத்திருந்தாள்.

"உக்கார நாற்காலியை வலது பக்கம் போடு, எனக்கும் பயமில்லாம இருக்கும்."

"வேண்டாம்" என்றாள் சிட்டு. நாற்காலியை இழுத்து இடது பக்கம் போட்டாள். "இந்தப் பக்கம்தான் உக்காருவேன். நான் என்ன பண்றேன்னு தெரியணும்னா நீங்க ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தாகணும்."

அது மருத்துவத்துக்கா, தண்டனைக்கா என்று ஸ்டூடியோ அக்காவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

வேலை மெல்ல ஓடத் தொடங்கியது. அவள் சரிசெய்த முகங்களைச் சிட்டு இன்னொரு முறை பார்த்தாள். செக்யூரிட்டிக்காரருக்கு இரண்டு பாதிக்கும் ஒரே வயது வரும்படி புதுப் படம் போட்டுக் கொடுத்தார்கள். தலையைத் திருப்பித் திருப்பி ஸ்டூடியோ அக்காவுக்குக் கழுத்து வலித்தது. பழகிவிடும் என்றார்கள்.

ஒரு மதியம் பேசிக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தாள். மகனுடைய பரீட்சை, புது விளக்கின் விலை, எதையோ சொல்லிக்கொண்டே போனாள். பதில் வரவில்லை. சுவர் அமைதியாக இருந்தது. அவளுக்குள் பழையது தலை தூக்கியது: வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள், எழுந்து போயிருப்பாள், எதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பேனாவைக் கீழே வைத்தாள். சிவப்புப் பட்டை தெரியும்வரை திரும்பினாள், அதையும் தாண்டித் திரும்பினாள்.

சிட்டு அங்கேயே இருந்தாள். காதில் பாட்டுக் கேட்கும் வயரைச் செருகிக்கொண்டு ஒரு குழந்தையின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பார்வை பட்டதும் ஒரு வயரை உருவினாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லை. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க."

ஸ்டூடியோ அக்கா திரைக்குத் திரும்பினாள். சிட்டு மறைந்தாள், அந்த இடத்தில் வெளிர்நீலச் சுவர் வந்து நின்றுகொண்டது. ஒரு கன்னத்தைச் சரிசெய்து முடித்தாள். பிறகு மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.